பனியை இறுக்கியது யார்?

இடுப்பில் அகலமான பட்டை கட்டிய ஒருவர் பனிச்சறுக்குப் பலகைகளின் மேல் முழங்காலை மடக்கி நிற்கிறார். பட்டையில் மாட்டிய கயிற்றின் மறுமுனையில் இரண்டு நாய்கள், இன்னும் ஏன் புறப்படவில்லை என்று குரைத்துத் துள்ளுகின்றன. நார்வே, சுவீடன், அலாஸ்கா, மினசோட்டா போன்ற குளிர் நாடுகளிலும் மாநிலங்களிலும் இந்த விளையாட்டுக்கு ஸ்கிஜோரிங் என்று பெயர். இதன் வரலாற்றை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வம்சாவளியைத்தான் ஒப்பிக்கிறார்கள். ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் வாழும் சாமி மக்கள் ரெயின்டீர் எனப்படும் துருவ மானுக்குப் பின்னால் கயிறு பிடித்துச் சறுக்கினார்கள். மானின் இடத்துக்குக் குதிரை வந்தது. குதிரையின் இடத்துக்கு நாய் வந்தது. ஆகவே இது பன்னூறாண்டுப் பாரம்பரியம். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த விளையாட்டின் மூலத்தைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த வம்சாவளி இழுத்த விலங்கை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அது கால் ஊன்றிய தரையை விட்டுவிடுகிறது. தரையைக் கணக்கில் சேர்த்தால் கதை மாறிவிடும். ஒருவர், இரண்டு நாய்கள், சீராக்கிய பாதை என்று இன்று நாம் காணும் விளையாட்டு, இயந்திரங்கள் பனியை இறுக்கத் தொடங்கியபின் உருவானது. அதன் வயது அரை நூற்றாண்டுக்கு மேல் அதிகம் போகாது.

பனிச்சறுக்குப் பலகை எதற்காகத் தோன்றியது என்பதிலிருந்து தொடங்கலாம். ஆள் பனியில் புதையாமல் இருக்கத்தான். உடல் எடையை நீண்ட மரத்தின் மேல் பரப்பிவிட்டால், இடுப்பளவு பனியிலும் மனிதன் மேலேயே நடந்துவிடுவான். இந்த வசதி அவனுக்கு முன்னால் ஓடும் நாய்க்குக் கிடையாது. அதன் பாதம் சிறியது. புதுப் பனியில் வயிறு வரை அமிழ்ந்து, ஒவ்வோர் அடிக்கும் எம்பிக் குதித்துத்தான் முன்னேற வேண்டியிருக்கும். அப்படி நீந்துகிற நாய் தன்னை இழுத்துக்கொண்டு போவதே பெரிய காரியம். பின்னால் ஓர் ஆளை எங்கே இழுப்பது? துருவ மானின் கதை வேறு. அதன் குளம்பு அகலமானது, ஊன்றும்போது விரிந்துகொடுப்பது. இயற்கையே அதற்குப் பனிக்காலணி மாட்டி அனுப்பியிருக்கிறது. ஆகவே மானுக்குப் பின்னால் சறுக்கியவரின் அனுபவத்தை நாய்க்குப் பின்னால் சறுக்குபவரின் முன்வரலாறாகக் காட்டுவதில் முதலிலேயே ஓர் இடறல் இருக்கிறது. தொல்லியலும் இதையே சொல்கிறது. சுவீடனின் கால்வ்ட்ராஸ்க் சதுப்பில் 1924இல் கிடைத்த பலகை ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. கிழக்கு சைபீரியக் கடலில் உள்ள ஷோகோவ் தீவில் கிடைத்த சறுக்குவண்டிப் பாகங்களும் நாய் எலும்புகளும் சுமார் 9,000 ஆண்டுப் பழமை கொண்டவை. பலகையும் இருந்தது, வண்டி இழுக்கப் பழகிய நாயும் இருந்தது. இரண்டையும் ஒரு கயிற்றால் இணைக்கப் பெரிய அறிவு தேவையில்லை. இருந்தும் பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த இணைப்பு ஒரு வழக்கமாக வேரூன்றவில்லை. வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு அது தோன்றாமல் போயிருக்கும் என்று நினைப்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். தோன்றியிருக்கும், பயன்பட்டிருக்காது.

பயன்பட்ட விதம் வேறு. சைபீரியக் காடுகளில் வேட்டைக்குப் போனவர்கள் பலகையில் நின்று கைவண்டியை இழுத்தார்கள். கூடவே ஒரு நாயும் வார் பூட்டி இழுத்தது. மனிதனும் நாயும் அங்கே ஒரே சுமைக்குத் தோள் கொடுத்தார்கள். மனிதன் முன்னே போய்ப் பனியை மிதித்து வழி போட்டால்தான் நாய்க்கு நடக்கத் தடம் கிடைக்கும். அந்த ஏற்பாட்டில் நாயின் முதுகில் சவாரி செய்கிற எண்ணத்துக்கே இடமில்லை. ஆசியாவின் பழைய எழுத்துகளில், பலகையில் நின்றவரை நாய்கள் இழுத்ததாகக் குறிப்புகள் உண்டு என்று சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. உறைந்த ஆறும் காற்று இறுக்கிய சமவெளியும் உள்ள ஊரில் யாரோ ஒருவர் அப்படிப் போயிருக்கலாம். ஒருவர் செய்து பார்த்ததும் ஒரு சமூகம் பழகிக்கொண்டதும் வேறு வேறு. அந்தக் குறிப்புகளில் உறைந்த நீர்ப்பரப்பு வந்தால் என் வாதத்துக்கு அது உதவியே தவிர இடைஞ்சல் இல்லை.

குதிரையின் கதையிலும் தரைதான் முதலில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் குளிர்காலத்தைக் கழிக்க வந்த செல்வந்தர்கள் குதிரைக்குப் பின்னால் சறுக்குவதைப் பொழுதுபோக்காக்கினார்கள். 1906இல் அங்கே நடந்த பந்தயம் பக்கத்து ஊரான ஷாம்ஃபேருக்குப் போகும் சாலையில் ஓடியது. அடுத்த ஆண்டு பந்தயம் உறைந்த ஏரிக்கு மாறியது. சாலையில் பனியை இறுக்கியவை அன்றாடம் போய்வந்த சறுக்குவண்டிகள். ஏரியில் அதைத் தாங்கியது அடியில் இருந்த பனிக்கட்டி. குதிரையின் குளம்பும் ஆழ்ந்த பனிக்கு ஒத்துவராது என்பதால், ஆள் நடமாட்டமோ உறைந்த நீரோ இல்லாத இடத்தில் இந்த விளையாட்டு ஓர் அடியும் நகரவில்லை. ஸ்டாக்ஹோமில் 1901இல் தொடங்கிய நோர்டிக் விளையாட்டு விழாவில் ஸ்கிஜோரிங் இடம்பிடித்தது. 1928இல் செயின்ட் மோரிட்ஸ் குளிர்கால ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக ஏரியின் மேல் நடந்தது. அதன்பின் ஒலிம்பிக் பக்கம் அது திரும்பவில்லை. கொலராடோவின் லெட்வில் ஊரில் 1949இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் இன்னும் வெளிப்படையானது. ஊரின் பெரிய கடைத்தெருவான ஹாரிசன் அவென்யூவில் லாரி லாரியாகப் பனியைக் கொண்டுவந்து கொட்டி, பரப்பி, அழுத்தித் தடம் போடுகிறார்கள். சுற்றிலும் மலைமலையாய்ப் பனி கிடக்கும் ஊர் அது. அங்கேயே போய் ஓட முடியாமல் பனியைத் தெருவுக்கு அழைத்துவருகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாய்க்கும் பலகைக்கும் வருவோம். இந்த இரண்டையும் சேர்த்துக் கையாண்டதில் நார்வேயின் துருவப் பயணிகளை விஞ்சியவர் இல்லை. அவர்களில் இருவரை அருகருகே வைத்துப் பார்த்தால் தரையின் பங்கு தெளிவாகும். ஃபிரித்யோஃப் நான்சென் தன் துணைவர் ஹியால்மார் ஜொஹான்செனுடன் 1895 மார்ச் 14 அன்று ஃப்ராம் கப்பலைவிட்டு வட துருவம் நோக்கிக் கிளம்பினார். மூன்று சறுக்குவண்டிகள், 28 நாய்கள். இருவரும் கைதேர்ந்த பனிச்சறுக்கு வீரர்கள். ஆனால் ஆர்க்டிக் கடலின் பனிக்கட்டி நெரிந்து, உடைந்து, வரப்பு வரப்பாக எழும்பிக் கிடந்தது. வண்டிகளைத் தூக்கி, தள்ளி, கவிழ்ந்ததை நிமிர்த்தி என்று அவர்கள் பட்ட பாட்டில் நாய்கள் ஆளை இழுப்பது என்ற பேச்சே எழவில்லை. நாய்களுக்கு இவர்கள் கைகொடுக்க வேண்டியிருந்தது. வட அட்சரேகை 86 பாகையைச் சற்றுத் தாண்டியதோடு ஏப்ரலில் திரும்பினார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து ரொவால்ட் அமுண்ட்சென் தென் துருவத்துக்குப் போகிறார். 1911 அக்டோபர் 19 அன்று ஐந்து பேர், நான்கு வண்டிகள், 52 நாய்கள். 80 பாகைக்குத் தெற்கே வந்தபின் ராஸ் பனித்திட்டின் சமதளத்தில் அவர் வண்டியில் கயிறு கட்டி, பலகையில் கால்களை அகட்டி நின்றுகொள்ள, நாய்கள் இழுத்துச் சென்றன. 85 பாகை வரை, ஏறத்தாழ 550 கிலோமீட்டர், அப்படியே போனதாகத் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். துருவத்துக்கு இப்படி ஓசியில் போவோம் என்று தாங்கள் எதிர்பார்க்கவே இல்லை என்ற மகிழ்ச்சி அந்த விவரிப்பில் தெரிகிறது.

இதையே என் வாதத்துக்கு எதிராகத் திருப்பலாம். 1911இல் சீராக்கும் இயந்திரம் ஏது? நாய் இழுத்த மனிதன் அப்போதே இருந்தானே? இருந்தான். ஆனால் எங்கே இருந்தான் என்று பார்க்க வேண்டும். பிரான்ஸ் தேசத்தின் பரப்பளவுக்கு ஒப்பான அந்தப் பனித்திட்டு, மிதந்து நிற்கும் தட்டையான பனிப்பாளம். காற்று அதன் மேற்பரப்பைப் பெருமளவு இறுக்கி வைத்திருக்கிறது. அதற்கு மேல், முன்னால் போன வண்டிகளும் நாய்க் கால்களும் போட்ட தடத்தில்தான் பின்னால் வந்தவர் சறுக்கினார். இயந்திரம் செய்திருக்க வேண்டிய வேலையைக் காற்று செய்து வைத்திருந்தது. மலையேற்றம் தொடங்கியதும் அந்தச் சொகுசும் முடிந்தது. ஒரே நாட்டவர், ஒரே வகைப் பலகை, இழுக்கப் பழகிய நாய்கள். ஒருவருக்கு அந்தச் சொகுசு வாய்க்கவில்லை, மற்றவருக்கு 550 கிலோமீட்டர். இடையில் வேறுபட்டது தரை ஒன்றுதான்.

இதைவிட வலுவான ஆட்சேபம் நார்வேக்குள்ளிருந்தே வருகிறது. நார்வேயின் இழுவைநாய்ச் சங்கம் 1931இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே செஞ்சிலுவைச் சங்கத்தின் மீட்புப் படை உருவானது. குளிர்கால மலைகளில் காலொடிந்து கிடப்பவரை இறக்கிக் கொண்டுவர நாய் பூட்டிய புல்கா பயன்பட்டது. புல்கா என்பது சிறு படகு போன்ற தாழ்வான சறுக்குவண்டி. நாயின் இரு பக்கமும் நீளும் தண்டுகளில் அதைப் பூட்டுவார்கள். அதன் பின்னால் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் பலகை மேல் மனிதர். இந்த ஏற்பாட்டிலேயே பந்தயங்களும் நடந்தன. பனிச்சறுக்கு வீரர், கயிறு, நாய் மூன்றும் இங்கே இருக்கும்போது இயந்திரக் காலத்துப் பிள்ளை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டால், கேள்வி நியாயமானது. இன்றைய விளையாட்டின் தாய்வீடு அதுதான் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. கயிற்றின் நீளம், நாயோடு பேசும் முறை, பயிற்சி எல்லாம் அங்கிருந்து வந்த சீர்வரிசை. ஆனால் அந்த அமைப்பை உற்றுப் பாருங்கள். நாய் இழுத்தது வண்டியை. வண்டியில் இருந்தது அடிபட்டவரோ கூடாரமோ உணவோ. பந்தயமென்றால் அதற்கு ஈடாக எடை வைத்தார்கள். பின்னால் வந்த மனிதர் தன் காலாலும் கோலாலும் உந்தி வர வேண்டியவர். மேட்டில் வண்டியைத் தள்ள வேண்டியவர், இறக்கத்தில் இழுத்துப் பிடிக்க வேண்டியவர். வண்டியை எடுத்துவிட்டு அந்தச் சுமையின் இடத்தில் மனிதரே போய் நிற்பது ஒரு பெரிய தாவல். சுமை போனதும் வேகம் எகிறும். எகிறிய வேகத்துக்கு மிதித்துப் போட்ட ஒற்றையடித் தடம் போதாது. அந்தத் தாவல் 1930களில் நிகழவில்லை. அதற்கு வேண்டிய பாதை அப்போது மலையில் இல்லை.

பாதை வந்த கதையில் ஒரு முரண் உண்டு. கனடாவின் கியூபெக்கில் பொம்பார்டியே நிறுவனம் 1959இல் ஸ்கீ-டூ என்ற சிறு பனிமோட்டார் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அலாஸ்காவின் கிராமங்களில் நாய்க் கூட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தபால் கொண்டுபோக, விறகு ஏற்ற, வேட்டைப் பொறிகளைச் சுற்றிவர, எல்லாவற்றுக்கும் மோட்டார் வந்துவிட்டது. மோட்டாருக்கு ஓடும்போதுதான் தீனி. நாய்க்குக் கோடையிலும் மீன் பிடித்துப் போட வேண்டும். ஜோ ரெடிங்டன் 1973இல் இடிடாரோட் நாய்வண்டி நெடும்பந்தயத்தைத் தொடங்கியதற்கு அழிந்துவரும் வண்டிநாய்களைக் காப்பதும் ஒரு காரணம். அதாவது வேலைநாயை வேலையைவிட்டு அனுப்பியது பனிமோட்டார். அதே மோட்டார் போன தடம் இரவில் உறைந்து, மறுநாள் காலையில் நாய் ஓடத் தோதான கெட்டியான பாதையாகக் கிடந்தது. அதன் பின்னால் ஒரு கனத்த சட்டத்தைக் கட்டி இழுத்தால் பாதை இன்னும் சீராகும். தன்னை வேலையிலிருந்து விரட்டிய இயந்திரத்திடமிருந்தே நாய் தன் ஆடுகளத்தைப் பெற்றது.

பெரிய இயந்திரங்கள் வேறொரு வாசல் வழியாக வந்தன. நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பந்தயங்களுக்கு அதுவரை படைவீரர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக நடந்து தடம் போட்டார்கள். 1960இல் கலிஃபோர்னியாவின் ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் தடம் பதிக்கும் வேலை இயந்திரத்துக்குப் போனது. ஜெர்மனியின் கெஸ்போரர் நிறுவனம் 1969இல் பிஸ்டன்புல்லியை வெளியிட்டது. அகன்ற சங்கிலிச் சக்கரம் கொண்ட பேரியந்திரம்; இன்று அதன் பின்னால் பல்லுருளையும் இருக்கும். அது செய்யும் வேலை வெறுமனே அழுத்துவது அல்ல. சுழலும் பற்கள் பழைய பனியைக் கிழித்து, படிகங்களை நொறுக்கிச் சிறு மணிகளாக்குகின்றன. பின்னால் தொங்கும் சீப்பு அதைத் தடவி கார்டுராய் துணிபோல வரிவரியாக விட்டுச்செல்கிறது. நொறுங்கிய மணிகள் தொட்டுக்கொள்ளும் இடங்களிலெல்லாம் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் இயந்திரக்காரர்கள் மாலை கவிந்தபின் வேலைக்குப் போகிறார்கள். இரவெல்லாம் இறுகிய பாதை காலையில் நாயின் பாதத்தைத் தாங்கும். இறுகுவதற்குள் யாராவது நடந்துவிட்டால் அந்தக் குழி அப்படியே கல்லாகிவிடும். இயந்திரக்காரர்கள் நாயைக் கண்டால் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதை இறுகியதும் மனிதர்கள் சறுக்கும் விதமும் மாறியது. அதுவரை இரு பலகைகளும் இணையான இரண்டு பள்ளங்களில் முன்னும் பின்னும் போகும். கெட்டியான அகன்ற பாதை கிடைத்தபின், ஐஸ் சறுக்கு வீரரைப் போலக் காலைச் சாய்த்துப் பக்கவாட்டில் உந்தும் முறை பரவியது. ஃபின்லாந்தின் பௌலி சீட்டோனென் 1970களில் ஒரு காலால் இப்படி உந்திக் காட்டினார். அமெரிக்காவின் பில் கோக் அதைக் கையாண்டு 1982இல் உலகக் கோப்பையை வென்றார். 1985இல் ஸீஃபெல்ட் உலகப் போட்டியில் இந்த முறையே கோலோச்ச, பழைய முறை காணாமல் போய்விடும் என்று பயந்து போட்டிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஸ்கிஜோரிங்குக்கு இது வரம். இரு பள்ளங்களில் ஓடும் பழைய முறையில் நாய் எங்கே ஓடும்? பள்ளத்தில் ஓடினால் பள்ளம் சிதையும், வெளியே ஓடினால் கயிறு சாயும். பல மீட்டர் அகலத்துக்குத் தட்டையாகக் கிடக்கும் பாதையில் நாய்கள் நடுவே ஓட, மனிதர் பின்னால் பலகைகளை விரித்து உந்தலாம். வேகமாக ஓடும் நாய்க்கு ஈடுகொடுக்கக்கூடிய பனிச்சறுக்கு முறை அதற்கு முன்பு மனிதனிடம் இல்லை. சங்கங்களும் நூல்களும் அந்தச் சமயத்தில்தான் வந்தன. சர்வதேச நாய்வண்டி விளையாட்டுக் கூட்டமைப்பு 1985இல் அமைந்தது. ஒரு நாய், இரண்டு நாய் என்ற ஸ்கிஜோரிங் பிரிவுகளை அது அங்கீகரித்திருக்கிறது. நார்வேயிலிருந்து அலாஸ்காவுக்குப் போன மாரி ஹோ-ரைட்டோவும் கேரல் கேனரும் சேர்ந்து நாயோடு ஸ்கிஜோரிங் பழகுவதற்கான கையேட்டை 1991இல் எழுதினார்கள். பன்னூறாண்டுக் கலைக்குக் கையேடு 1991 வரை காத்திருந்தது என்றால் ஏதோ ஒன்று இடிக்கிறது.

கருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் இதே காலக் கணக்குதான் கிடைக்கும். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் இருக்கத் தொடைகளைச் சுற்றி இரண்டு வார்கள். இழுவை முதுகெலும்பில் விழாமல் இடுப்பெலும்பில் இறங்கும். பட்டைக்கும் நாய்க்கும் நடுவே கயிற்றின் ஒரு பகுதி மீள்கயிறு. பக்கவாட்டில் உந்துபவரின் வேகம் உந்தலுக்கு உந்தல் கூடிக் குறையும். நாயின் வேகம் அப்படி இல்லை. மீள்கயிறு இல்லாவிட்டால் அந்த வித்தியாசம் ஒவ்வோர் உந்தலிலும் நாயின் தோளில் வெட்டி இழுக்கும். பட்டையின் கொக்கி ஓர் இழுப்பில் விடுபடும்படி இருக்கும். மனிதர் விழுந்து நாய்கள் நிற்காமல் ஓடினால் கயிறு உடனே கழன்றாக வேண்டும். பலகைகளின் ஓரத்தில் உலோக விளிம்பு கூடாது என்பது பந்தய விதி. நாய் திடீரென நின்றால் பின்னால் வரும் பலகை அதன் காலை அறுத்துவிடக் கூடாது. இரண்டு நாய் என்றால் கயிறு முன்னால் இரண்டாகப் பிரியும். இரு கழுத்துப் பட்டைகளையும் ஒரு குட்டைக் கயிறு இணைக்கும். ஒன்று மரத்தின் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் போகாமல் காப்பது அதுதான். நல்ல இணையோடு சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டலாம். நிறுத்துவதற்குப் பிரேக் கிடையாது. பலகைகளைக் கலப்பைபோல் உட்பக்கம் சாய்த்துத் தேய்ப்பதும், குரலும், ஏற்றம் வரட்டும் என்ற நம்பிக்கையும்தான். இந்த ஏற்பாட்டில் ஆழ்ந்த பனிக்கென்று செய்யப்பட்ட பொருள் ஒன்றுகூட இல்லை.

நாயும் மாறியது. நெடும்பயணத்துக்கு அடர்ந்த மயிர் வேண்டும், பனியிலேயே சுருண்டு தூங்கத் தெரிய வேண்டும், கிடைத்ததைத் தின்று மறுநாள் எழுந்து நடக்க வேண்டும். சீரான பாதையில் சில கிலோமீட்டர் பறந்துவிட்டுக் காருக்குத் திரும்பும் நாய்க்கு இவை சுமை. ஓட்டத்தில் உடல் சூடேறும்போது அடர்ந்த மயிர் அதற்குத் தொல்லைதான். ஸ்காண்டிநேவியர்கள் குட்டை மயிர் கொண்ட ஜெர்மன் பாயின்டர் வேட்டைநாய்களைப் பூட்டினார்கள். பிறகு அவற்றை அலாஸ்கா ஹஸ்கியோடு கலந்தார்கள். அந்தக் கலப்பினத்தோடு அலாஸ்காவுக்கு வந்த எகில் எல்லிஸ் ஃபேர்பேங்க்ஸின் பெருமைமிக்க வேகப் பந்தயத்தைப் பலமுறை வென்று, பழைய ஹஸ்கி வளர்ப்பாளர்களைத் திகைக்க வைத்தார். நார்வேயில் இன்னும் ஒரு படி போய்ப் பாயின்டரோடு கிரேஹவுண்டைக் கலந்து கிரேஸ்டர் என்றார்கள். இந்த நாய்கள் வெளியே நிற்கும்போது மேலாடை போட்டுக்கொள்கின்றன, ஓடி முடித்ததும் காரின் கதகதப்புக்குப் போகின்றன. வாகன நிறுத்தம், அதன் வாசலிலேயே தொடங்கும் இறுகிய பாதை, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் திரும்பும் சுற்று: இவை இருப்பதால்தான் இப்படி ஒரு நாயை வளர்க்க முடிகிறது. நான்சென் கையில் இந்த நாயைக் கொடுத்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது.

எல்லாவற்றையும் இயந்திரத்தின் கணக்கில் எழுதுகிறாயே, பாதை இல்லாத காட்டிலும் நாயோடு சறுக்குபவர்கள் உண்டே என்று ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. உண்டு. அலாஸ்காவிலும் நார்வேயிலும் கூடாரத்தோடு பல நாள் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று விசாரித்தால் பதில் பழையதாகவே இருக்கும்: புதுப் பனி விழுந்த அன்று மனிதர் முன்னே போய்த் தடம் போடுகிறார், நாய் பின்னே புல்காவோடு வருகிறது. சைபீரிய வேட்டைக்காரரின் வரிசை அது. அவர்களுடைய பழைமையை நான் மறுக்கவில்லை. அந்தப் பழைமையை எடுத்து இரண்டு நாய்ப் பந்தயக்காரருக்குச் சூட்டுவதைத்தான் மறுக்கிறேன். இயந்திரம் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. பாதை வந்த ஊர்களெல்லாம் ஸ்கிஜோரிங்கைக் கண்டுபிடித்துவிடவில்லை. நார்வேயின் புல்காக்காரர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த கைப்பழக்கம் இல்லாவிட்டால் பாதை வெறும் பாதையாகவே கிடந்திருக்கும். கைப்பழக்கம் காத்திருந்தது, பாதை வந்து சேர்ந்தது என்பதே என் கணக்கு.

இந்தக் கணக்குக்கு இன்றைக்கும் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. நாய்களை அனுமதிக்கலாமா என்று பனிச்சறுக்கு மையங்களில் சண்டை நடக்கும்போது, ஸ்கிஜோரிங்காரர்கள் ஆயிரமாண்டுப் பாரம்பரியத்தை எடுத்து வைக்கிறார்கள். மறுதரப்பு, இயந்திரத்துக்கும் எரிபொருளுக்கும் பணம் கட்டியவர்கள் நாங்கள், நாய் இடையில் வந்தது என்கிறது. இரண்டுமே வரலாற்றில் நிற்காது. பக்கவாட்டில் உந்தும் பனிச்சறுக்கும் இரண்டு நாய் ஸ்கிஜோரிங்கும் ஒரே இயந்திரத்துக்குப் பிறந்த உடன்பிறப்புகள். வயதிலும் பெரிய வித்தியாசமில்லை. உண்மையான சிக்கல்கள் சிறியவை, தீர்க்கக்கூடியவை: வெயில் ஏறி மேற்பரப்பு இளகும் மதியத்தில் பாதங்கள் குழி போடுகின்றன, நாய்க் கழிவு பலகையின் மெழுகில் ஒட்டுகிறது, வளைவில் திடீரென எதிர்ப்படும் நாயைக் கண்டு சிலர் பயந்து விழுகிறார்கள். குளிர்ந்த காலை நேரத்தை நாய்க்காரர்களுக்கு ஒதுக்குவது, ஒருவழிச் சுற்று ஒன்றைத் தனியே விடுவது, அவர்களிடமும் பாதைக் கட்டணம் வாங்குவது என்று வழிகள் இருக்கின்றன. மினியாபொலிஸில் சிட்டி ஆஃப் லேக்ஸ் லொப்பெட் விழாவின் பனிச்சறுக்குப் பந்தயங்களோடு ஸ்கிஜோரிங்கும் ஒரு பந்தயமாக நடந்திருக்கிறது. ஃபேர்பேங்க்ஸில் நாய்வண்டிக்காரர் சங்கமே பனிமோட்டாரும் இழுசட்டமும் வைத்துத் தன் பாதைகளைச் சீராக்கிக்கொள்கிறது. எந்த மணிக்கு எந்தச் சுற்றில் யார் ஓடலாம் என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள்.